தீப மை தேய்ச்சிகினு போன தலை

எனக்கு வாய் ஜாஸ்தி. நானே ஒத்துக்கறேன், ஆனா தெருவுல வேற யாராவது சொன்னா சண்டைக்குப் போவேன். அந்த வாயை வெச்சிகினு எங்க வீட்டுக்காரரை நாலு மாசம் நான் பேசாத பேச்சு இல்ல. எழுபதுகளோட கடைசி அது. அவரு கவர்மெண்ட் பஸ்ல டிரைவர், திருவண்ணாமலையிலேர்ந்து போளூர் வழியா வேலூர். டூட்டி முடிஞ்சு வந்தா காக்கிச் சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, எங்க பொண்ணைத் தோள்ல தூக்கிகினு கோயிலுக்கு மேக்கால இருக்கிற பேகோபுரம் வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வருவாரு. அப்படிப்பட்ட மனுஷன் ஒரே நாள்ல மாறியிருந்தா நான் பதறியிருப்பேன். கொஞ்சம் கொஞ்சமா மாறினாரு, அதான் எனக்கு உறைக்கல.

முதல்ல சிரிப்பு நின்னுச்சு. அப்புறம் சாப்பாடு கம்மியாச்சு. தட்டுல சோத்தைப் போட்டா அதையே பாத்துகினு உக்காந்திருப்பாரு, சோறு காஞ்சு போயிடும். தலை வாரிக்க மாட்டாரு. விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே முழிச்சுகினு செவுத்தைப் பாப்பாரு. பொண்ணு வந்து கையைப் பிடிச்சு இழுத்தா, "அப்புறம் போலாம்மா"ன்னு சொல்லிட்டு திரும்பிப் படுத்துக்குவாரு. வாரத்துக்கு ஒரு நாள் லீவு போட்டவரு மூணு நாள் போட ஆரம்பிச்சாரு. எனக்குப் பத்திகினு வந்துச்சு. "உடம்புல ஒரு காயம் இல்ல, ஒரு ஜுரம் இல்ல, இன்னா நோவு உங்களுக்கு, சோம்பேறித்தனத்தைத் தவிர? கல்லு மாதிரி இருந்துகினு இப்படிப் படுத்துக் கெடந்தா ஊரு சிரிக்காதா?"ன்னு கேப்பேன். ஒரு வார்த்தை திருப்பிப் பேச மாட்டாரு. அதுல எனக்கு இன்னும் கோவம் ஏறும்.

எங்க ஊர்ல யாருக்கு இன்னா வந்தாலும் ஒரே மருந்துதான், மலையைச் சுத்து. கல்யாணம் ஆகலையா, சுத்து. கால் வலியா, அதுக்கும் சுத்து. நானும் ஒரு செவ்வாக்கிழமை காலையில அவரை இழுத்துகினு கிளம்பினேன். பாதி வழி, அடி அண்ணாமலை வரைக்கும் வந்தாரு. அங்க ஒரு டீக்கடை பெஞ்சுல உக்காந்தவரு எழுந்திருக்கவே இல்ல. "நீ போய் சுத்திட்டு வா, நான் இங்கியே இருக்கேன்"னாரு. "அண்ணாமலையாரையே காக்க வெக்கற ஆளு நீங்க ஒருத்தர்தான்"னு கடைக்காரர் முன்னாடியே கத்தினேன். அவரு தலையைக் குனிஞ்சிகினாரு. இப்ப நெனைச்சா என் வாயிலேயே ஒண்ணு போட்டுக்கணும்னு தோணுது.

அதுக்கப்புறம் பத்து நாள் இருக்கும். போளூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில வண்டியை ஓரம் கட்டிட்டாரு. ஸ்டாப்பிங் இல்லாத எடம். ஸ்டியரிங் மேல ரெண்டு கையையும் வெச்சிகினு நேரா பாத்தபடி உக்காந்திருந்தாராம். கண்டக்டர் கூப்பிட்டாரு, தோளைத் தொட்டாரு, பதில் இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு, "வேற டிரைவர் வரச் சொல்லுங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு இறங்கி மரத்தடியில நின்னுகினாரு. கண்டக்டர் கெட்டவர் இல்ல. கண்ணுல பட்டதை அப்படியே டெப்போவுல சொன்னாரு. டெப்போவுல ஆளாளுக்கு ஒண்ணு பேசி, கடைசியில வலிப்புன்னு முடிவு கட்டிட்டாங்க.

டெப்போ மேனேஜர் என்னையும் கூப்பிட்டு அனுப்பினாரு. "வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் மூளை டெஸ்ட் எடுத்துகினு வாங்கம்மா. வலிப்பு இல்லன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா டூட்டி. வலிப்புன்னு வந்துச்சுன்னா, நான் இன்னா பண்றது, இனிமே அவரு ஜென்மத்துக்கும் பஸ் ஓட்ட முடியாது"ன்னாரு. கூலி வேலைக்குப் போயாவது பிழைச்சுக்கலாம், அதில்ல விஷயம். எங்க வீட்டுக்காரருக்கு இந்த உலகத்துல நல்லா வர்றது ஒண்ணே ஒண்ணுதான், வண்டி ஓட்டறது. ஏற்கெனவே பாதி ஆளாக் கெடக்கறவரு. அதையும் பிடுங்கிட்டா மீதி பாதியும் எனக்குத் திரும்பி வராதுன்னு எனக்கே தெரிஞ்சுபோச்சு.

பக்கத்து வீட்டுல ஒரு பாய் குடும்பம். அந்தம்மா என்னைவிடப் பத்து வயசு மூத்தவங்க, நான் அக்கான்னுதான் கூப்பிடுவேன். "நீ போயிட்டு வா தங்கச்சி, புள்ளையை நான் பாத்துக்கறேன். ஆஸ்பத்திரில மட்டும் அவரைப் பேசாத, அவரு பேசட்டும்"னாங்க. என் வாயைப் பத்தி அவங்களுக்கு நல்லாத் தெரியும்.

ஆஸ்பத்திரிலேர்ந்து டெஸ்ட்டுக்குத் தேதி போட்டு ஒரு சீட்டு குடுத்திருந்தாங்க. தலைக்குக் குளிச்சிட்டு வரணும், எண்ணெய் தடவக் கூடாதுன்னு தமிழ்ல எழுதியிருந்துச்சு. நான் எழுத்துக்கு எழுத்து அதும்படியே செஞ்சேன். சீக்காய் போட்டு அவரு தலையைத் தேய் தேய்னு தேய்ச்சு விட்டேன். ஒரு சொட்டு எண்ணெய் கெடையாது. அதோட நிறுத்தியிருந்தா நான் நானா இருந்திருக்க மாட்டேனே.

எங்க ஊர்ல கார்த்திகை தீபம் எரிஞ்சு முடிஞ்சதும் கொப்பரையில படிஞ்ச கரியை நெய்யில குழைச்சுப் பிரசாதமா குடுப்பாங்க, தீப மைன்னு. புள்ளைக்குப் பரீட்சைன்னாலும், கோர்ட்டுக்குப் போறதுன்னாலும், அதை நெத்தியில ஒரு பொட்டு வெச்சிகினுதான் வாசப்படி தாண்டுவோம். மூளைக்குள்ளயே மெஷின் விட்டுப் பாக்கப் போறாங்க, மை இல்லாம அனுப்புவேனா? நெத்தியில வெச்சா ஆஸ்பத்திரில படிச்சவங்க சிரிப்பாங்க. அதனால முடிக்குள்ள வெச்சேன். நோவு எந்த மூலையில இருக்குன்னு நமக்குத் தெரியாதே, ஒரு எடத்துல வெச்சாப் போதுமா? உச்சியில, ரெண்டு நெத்திப்பொட்டுக்கு மேல, காதுக்குப் பின்னாடி, பிடரியிலன்னு அரை டப்பா மையை அழுத்தித் தேய்ச்சேன். கருப்பு முடியில கருப்பு மை, யாருக்குத் தெரியப் போவுது? எண்ணெய்தானே கூடாதுன்னாங்க, இது பிரசாதமாச்சே. அவரு பொம்மை மாதிரி தலையைக் காட்டிகினு உக்காந்திருந்தாரு.

வேலூர்ல அந்த ரூம்ல ஒரு கட்டில், பக்கத்துல பீரோ அளவுக்கு ஒரு மெஷின். மெஷின் பாக்கறவரு கண்ணாடி போட்டவரு, எங்க பெரியண்ணன் வயசிருக்கும். "தலையில எண்ணெய் இருக்கா?"ன்னு கேட்டாரு. "சத்தியமா இல்லைங்க, வேணும்னா மோந்து பாருங்க"ன்னேன். அவரு மோந்து பாக்கல, ரப்பர் வாரை மாட்டி, உப்புத் தண்ணியில நனைச்ச குமிழு குமிழா ஒயரைத் தலையெல்லாம் வெச்சாரு. எங்க வீட்டுக்காரரு என் கையை விடல. ஷாக் குடுக்கப் போறாங்கன்னு பயம். "இதுல கரண்ட்டு உள்ள போகாதுங்க, உங்க மூளையில இருக்கிற துளியூண்டு கரண்ட்டை நாங்க எழுதி எடுக்கறோம், அவ்ளோதான்"னு மெஷின்காரரு பொறுமையா சொல்லி, என்னையும் அங்கியே ஓரமா நிக்க விட்டாரு.

மெஷினை ஓட விட்டாரு. ஒரு பக்கமா எட்டுப் பேனா, கீழ பேப்பர் ஓடுது. கண்ணை மூடிகினு சும்மா படுத்திருக்கிற மனுஷனுக்கு அந்தப் பேனா போட்ட ஆட்டம் இருக்கே, அய்யய்யோ! மேல பாயுது, கீழ விழுது, ஒண்ணு மேல ஒண்ணு மோதப் பாக்குது. நாலஞ்சு பேனா பேப்பரையே கருப்பாக்கிடுச்சு. மெஷின்காரரு புருவத்தைச் சுருக்கினாரு. ஒரு பட்டனைத் திருப்பினாரு, இன்னொண்ணைத் திருப்பினாரு. ஆட்டம் நிக்கல. நான் என்னையறியாம, "ஐயோ, போச்சே"ன்னு கத்திட்டேன்.

எங்க வீட்டுக்காரரு கண்ணைத் திறந்தாரு. என் மூஞ்சியைப் பாத்தாரு, பேப்பரைப் பாத்தாரு. "எனக்கு நோவுன்னு நான் சொல்லியிருந்தா நீ நம்பியிருக்க மாட்ட. இப்ப பேப்பரே சொல்லிடுச்சு"ன்னாரு. குரல்ல கோவம் இல்ல, அழுகையும் இல்ல. அப்பாடா, எல்லாம் முடிஞ்சுதுங்கற மாதிரி சொன்னாரு.

மெஷின்காரரு மெஷினை நிறுத்திட்டு ஒயரு சரியா ஒட்டியிருக்கான்னு ஒவ்வொண்ணா தொட்டுப் பாத்தாரு. கையை எடுத்தா விரலு அஞ்சும் கருப்பு. வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்து, கட்டைவிரலால தேய்ச்சுப் பாத்து, "டிரைவர்னுதானே எழுதியிருக்கு, மெக்கானிக் வேலையும் பாக்கறாரா? கிரீஸுல முங்கியிருக்கு தலை"ன்னாரு. எனக்கு மூஞ்சியை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல. "கிரீஸ் இல்லைங்க, தீப மைங்க"ன்னேன். "அதுல இன்னா இருக்கு?" "கரிங்க." "அப்புறம்?" "நெய்யிங்க." அவரு என்னை ஒரு பார்வை பாத்தாரு. "ஏம்மா, நெய்யி எண்ணெயோட அக்கா தங்கச்சிதானே? ஒயரு தோலுல ஒட்டாம வழுக்குது. இந்தப் பேனா ஆடினது அவரு மூளையால இல்ல, உங்க மையால"ன்னாரு. சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதையா, நானே குடியைக் கெடுக்கப் பாத்திருக்கேன். "போங்க, வெளிய குழாய் இருக்கு, சோப்பு போட்டுக் கழுவிகினு வாங்க. சாயங்காலத்துக்குள்ள இன்னொரு தடவை எடுக்கறேன்"னாரு. புண்ணியவான்!

எதிர்க் கடையில துணி சோப்பு ஒரு கட்டி வாங்கினேன். நோயாளிங்க வீட்டு ஜனங்க துணி துவைக்கிற குழாய் அது. பட்டப் பகல்ல, அத்தனை பேர் பாக்க, எங்க வீட்டுக்காரரைக் குந்த வெச்சுத் தலையைக் குனியச் சொல்லித் தேய்க்கிறேன். கருப்புத் தண்ணி ஓடுது. நெய்யி லேசுல போவுதா? மூணு தரம் சோப்பு போட்டேன். வாயைத் திறக்கக் கூடாதுன்னு அக்கா சொன்னது ஞாபகத்துல இருந்துச்சு. ஜென்மத்துல முதல் தடவையா பேசாம இருந்தேன். அப்ப அவரு, தலையைக் குனிஞ்சபடியே, தரையைப் பாத்து பேச ஆரம்பிச்சாரு.

"எனக்கு வலிப்பெல்லாம் வரல. அன்னிக்கு எல்லாமே தெரிஞ்சுது, கண்டக்டர் கூப்பிட்டது கூட கேட்டுச்சு. செத்துப் போயிட்டா நல்லாருக்கும்னு ரொம்ப நாளா ஒரு நெனைப்பு. வீட்டுல இருக்கும்போது வந்தா பரவாயில்லன்னு விட்டுடுவேன். அன்னிக்கு வண்டி ஓட்டிகினு இருக்கும்போது வந்துச்சு. பின்னாடி அம்பது பேரு. புள்ளைத்தாச்சி ஒண்ணு ஏறியிருந்துச்சு. என் கை என் பேச்சைக் கேக்குமான்னு எனக்கே பயம் வந்துடுச்சு. அதான் ஓரம் கட்டிட்டேன். லீவு போட்டதெல்லாம் அந்தப் பயத்துலதான்."

என் கை அவரு தலையிலேயே நின்னுபோச்சு. சோம்பேறின்னு சொன்னேனே. ஊரு சிரிக்கும்னு சொன்னேனே. இந்த மனுஷன் தனக்குள்ள அவ்ளோ பெரிய பாரத்தை வெச்சிகினு, யாரோ ஒரு புள்ளைத்தாச்சிக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாதுன்னு வண்டியை நிறுத்தியிருக்காரு. நான் அவரை வேலைக்குத் துரத்திகினு இருந்திருக்கேன்! அங்கியே ஈரத்துல உக்காந்து ஓன்னு அழுதேன். துணி துவைக்க வந்த ஒரு அம்மா, யாரோ போயிட்டாங்கன்னு நெனைச்சு, "மனசைத் தேத்திக்கம்மா"ன்னு என் முதுகைத் தடவிக் குடுத்தாங்க. "யாரும் போகலம்மா, இதோ இருக்காரு"ன்னு சொல்லி இன்னும் ஜாஸ்தியா அழுதேன். அவரு சோப்பு நுரையோட என்னையே பாத்துகினு நின்னாரு. "கண்ணு எரியுது, தண்ணி ஊத்து"ன்னாரு. ஊத்தினேன்.

ரெண்டாவது தடவை பேனா ஒழுங்கா ஓடிச்சு. குளத்துல காத்தடிச்சா வர்ற மாதிரி சின்னச் சின்ன அலை. மெஷின்காரருக்கு என் மேல இருந்த கோவம் போயிடுச்சு போல, அவரே காட்டினாரு. "இது இடது பக்கம், இது வலது பக்கம். ரெண்டும் ஜோடி சேர்ந்து போவுது பாருங்க. முன்னாடி இருக்கிறதும் பின்னாடி இருக்கிறதும் அது அது முறையில போவுது. வலிப்புன்னா நடுவுல ஈட்டி மாதிரி எழும்பும், இதுல ஒண்ணு கூட இல்ல. மத்ததை டாக்டர் சொல்லுவாரு"ன்னாரு.

டாக்டர் அந்தப் பேப்பரைப் பொஸ்தகம் மாதிரி புரட்டிப் புரட்டிப் பாத்தாரு. "வலிப்பு இல்ல. தாராளமா எழுதித் தரேன்"னாரு. வயித்துல பாலை வார்த்தாரு. ஆனா பாருங்க, மனுஷ புத்தி. அடுத்த நிமிஷமே எனக்கு வேற ஒரு சந்தேகம். பேப்பர் சுத்தமா இருக்குதுன்னா, அப்ப இவருக்கு ஒண்ணுமே இல்லன்னுதானே டெப்போவுல சொல்லுவாங்க? குழாயடியில அவரு சொன்னதெல்லாம் இன்னா? வாயை அடக்க முடியாம கேட்டுட்டேன். "அப்போ இவருக்கு நோவே இல்லீங்களா?"

டாக்டர் பேப்பரை மடிச்சு ஓரமா வெச்சாரு. "பேப்பர் நல்லாருக்கும்மா, உங்க வீட்டுக்காரர் நல்லா இல்ல. இந்த மெஷினுக்கு வலிப்பைத் தெரியும், துக்கத்தைத் தெரியாது. அது இன்னும் அவ்வளவு படிக்கல. அதை நாங்க கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்"னு சொல்லிட்டு, அவரு பக்கம் திரும்பி நேராவே கேட்டாரு. "சாகணும்னு தோணுதா?" எங்க வீட்டுக்காரரு என்னை ஒரு தரம் பாத்தாரு. "தோணுதுங்க"ன்னாரு. "வெளிய சொன்னீங்களே, அதுவே பாதி வைத்தியம். இது ஒரு வியாதி. உங்க குத்தமும் இல்ல, உங்க சம்சாரம் குத்தமும் இல்ல. மாத்திரை இருக்கு. மூணு வாரத்துக்கு குணம் ஒண்ணும் தெரியாது, அதுக்காக நிறுத்திடாதீங்க. நான் சொல்ற வரைக்கும் வண்டி ஓட்டாதீங்க, டெப்போவுல உக்காந்து பாக்கற வேலை குடுக்கச் சொல்லி எழுதறேன். அது வரைக்கும் இவரைத் தனியா விடாதீங்கம்மா"ன்னாரு. வியாதின்னு அவரு சொன்ன அந்த ஒரு வார்த்தையில எங்க வீட்டுக்காரரு தோளு ரெண்டும் தளர்ந்து இறங்கினதை நான் பாத்தேன். கெட்ட பேரு கேட்டு ஒரு மனுஷனுக்கு இவ்ளோ நிம்மதி வருமான்னு எனக்கு ஆச்சரியம்.

இப்பல்லாம் மூளையோட ஒரு எடத்து அலையும் இன்னொரு எடத்து அலையும் எப்படி ஒண்ணோட ஒண்ணு சேருது, எங்க விட்டுப் போவுதுன்னு கம்ப்யூட்டர் வெச்சுப் பாக்கறாங்களாம். துக்க வியாதி இருக்கிறவங்களுக்கு அந்தச் சேர்மானம் வேற மாதிரி இருக்கான்னு தேடறாங்கன்னு பத்திரிகையில படிச்சேன். நல்லாத் தேடட்டும். அன்னிக்கு எங்களுக்குக் கெடைச்சது எட்டுப் பேனாவும், நேராக் கேள்வி கேட்ட ஒரு டாக்டரும்தான். அதுவே எங்க குடும்பத்துக்குப் போதுமானதா இருந்துச்சு.

மாத்திரை முதல்ல நாக்கை வறட்டிச்சு, பகல்லயும் தூக்கம் வந்துச்சு. "இதுக்கு அதுவே தேவலாம்"னு ரெண்டு தடவை டப்பாவைத் தூரப் போட்டாரு. நான் பொறுக்கிகினு வந்து திருப்பிக் குடுத்தேன், திட்டாம குடுத்தேன். அதை நீங்க நம்பணும். பக்கத்து வீட்டு அக்காவும் நானும் மாத்தி மாத்திக் கூட இருந்தோம். நாலாவது வாரமோ அஞ்சாவது வாரமோ, அவரே கண்ணாடி முன்னாடி நின்னு தலை வாரிகினாரு. யாருகிட்டயும் சொல்லல நான், திருஷ்டி பட்டுடும்னு. டெப்போவுல ரிஜிஸ்டர் எழுதற வேலை. பின்னாடி பேசினவங்களும் உண்டு, மெண்டல்னு. போவட்டும். அஞ்சு மாசம் கழிச்சு டாக்டர் எழுதிக் குடுத்தாரு, வண்டி எடுக்கலாம்னு.

முதல் நாள் அவரு கிளம்பினப்புறம் எனக்கு வீட்டுல கால் தரிக்கல. அவருக்குத் தெரியாம பஸ் ஸ்டாண்டுக்குப் போய், பின்னாடி படி வழியா ஏறி, கூட்டத்துல முக்காடு போட்டுகினு உக்காந்தேன். வேலூர் வரைக்கும் அந்தக் கையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாதுன்னு முடிவு. எதாவதுன்னா இன்னா பண்ணியிருப்பேன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியாது. வண்டி கிளம்பிச்சு. கியர் மாத்தினாரு, ஒரு மாட்டு வண்டிக்கு ஒதுங்கிக் குடுத்தாரு, ஹாரன் அடிச்சாரு. அவ்ளோதான் எனக்கு ஞாபகம்.

கண்டக்டர் கம்பியைத் தட்டி, "அம்மா, வேலூர் வந்துடுச்சு"ன்னு எழுப்பினாரு. கலசப்பாக்கம் வந்தது தெரியாது, போளூர் தெரியாது, அந்தப் புளியமரமும் தெரியாது. வண்டி காலியா இருந்துச்சு. எங்க வீட்டுக்காரரு காக்கிச் சட்டையோட என் சீட்டுக்கு முன்னாடி நிக்கறாரு.

"இன்னாத்துக்கு வந்த?"ன்னாரு.

மாமா வீட்டுக்கு வந்தேன், துணி எடுக்க வந்தேன்னு நாலு பொய் வாய்க்கு வந்துச்சு. எதையும் சொல்லல.

"பயமா இருந்துச்சுங்க. பாத்துகினே வரலாம்னு ஏறினேன்."

"பாத்தியா?"

"இல்லீங்க. தூங்கிட்டேன்."

அவரு எதிர் சீட்டுல உக்காந்து ரெண்டு கையாலயும் மூஞ்சியைப் பொத்திகினு கொஞ்ச நேரம் அழுதாரு. அப்புறம் சிரிச்சாரு.